பத்தேகால் மணிப் பாம்பு

எங்கள் வீட்டுப் பின்பக்கம் குடியிருந்த பாம்பின் அன்றாட அலுவல்கள் முழுவதும் என் மாமாவுக்கு மனப்பாடமாக இருந்தன. எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், எந்தக் கல்லில் காயும், மேகம் மூடினால் எந்தப் பொந்துக்குள் போகும், மண்புழுவை எந்த முனையிலிருந்து விழுங்கும் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். அப்பாவுக்குத் தன் ஆபீசில் தனக்குக் கீழே வேலை பார்த்த நான்கு பேரைப் பற்றிக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது. எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வயது அது. அதனால் மாமாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் அது. நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் அப்பா வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்கு விசா வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பேஸ்மென்டில் தங்கியிருந்தார். காலை ஏழு மணிக்கு அப்பா கிளம்புவார், ஏழரைக்கு அம்மா. எட்டு மணிக்கு என்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவுமாக மாமா தன் பழைய காரில் ஆபீசுக்குக் கிளம்புவார். பள்ளி முடிந்தபின் நான் அங்கேயே இருப்பேன். ஐந்தரைக்கு அம்மா வந்து என்னைக் கூட்டிப்போவாள். ஆறரைக்கு மாமா வருவார். பகல் முழுக்க வீட்டில் யாரும் இல்லை.

பாம்பை முதலில் பார்த்தது அப்பா. மே மாதம் ஒரு சனிக்கிழமை, பின்பக்கத்துக் கருங்கல் சுவரோரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர், தன் வயதுக்குப் பொருந்தாத ஒரு தாண்டு தாண்டி வராந்தாவில் வந்து விழுந்தார். கட்டுவிரியன் என்றார். அப்பா படித்ததெல்லாம் ஹாஸ்டலில் தங்கித்தான். கட்டுவிரியனை அவர் காலண்டரில்கூடப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. மாமா மெதுவாகப் போய்க் குனிந்து பார்த்தார்.

"கட்டுவிரியனுக்குக் குறுக்கால பட்டை இருக்குமுங்க மச்சான். இதுக்கு நெட்டுக்குக் கோடு போயிருக்குது பாருங்க. இது கொம்பேறி மூக்கன்."

அது கொம்பேறி மூக்கன் இல்லை. அமெரிக்காவில் ஏது கொம்பேறி மூக்கன்? அது இங்கே எல்லார் வீட்டுத் தோட்டத்திலும் திரிகிற கார்ட்டர் பாம்பு. ஆனால் ஊரில், கோபிப் பக்கத்து வயல்வரப்பில் வளர்ந்தவர் நெட்டுக்குக் கோடு போட்ட ஒல்லிப் பாம்பைப் பார்த்தால் வேறென்ன சொல்லுவார்? அதோடு விட்டாரா என்றால் இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அதன் குணநலன்களையும் சொன்னார். கொம்பேறி மூக்கன் யாரையாவது கடித்தால் கடித்ததோடு போகாதாம். விறுவிறுவென்று மரத்து உச்சிக்கு ஏறி, கடிபட்டவனை எரிக்கிற புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். புகையைக் கண்ட பிறகுதான் மனசு ஆறி இறங்குமாம்.

"கொழந்தையப் பயமுறுத்தாத மாப்ளே" என்றார் அப்பா, தான் பயந்ததை மறந்து.

முகத்தில் சிரிப்பே இல்லாமல் கதை விடுவதில் மாமாவுக்கு ஈடு கிடையாது. எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் விழும் சத்தம், உள்ளே ஒரு குட்டி மனுஷன் ஷிஃப்ட் பார்ப்பதால் வருவது என்று சொல்லி, அவனுக்காக என்னை ஃப்ரீசரில் பிஸ்கட் வைக்கச் செய்தவர் அவர். பிஸ்கட் மறுநாள் காணாமல் போனதால் நான் அதையும் நம்பினேன். கொம்பேறி மூக்கனை நம்புவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் மாமா காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் நான் போய் நிற்பேன். தமிழில் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற ரகம் நான். "வாட் டிட் இட் டூ டுடே?" என்பேன். மாமா ஷூவைக் கழற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"இன்னைக்கு உங்க ஆளு பத்தேகாலுக்குத்தான் வெளிய வந்துச்சு கண்ணு. அந்தச் சப்பட்டைக் கல்லு மேல வெயில் விழுகிற வரைக்கும் தலைய மட்டும் நீட்டிப் பாத்துட்டே இருந்துச்சு. அப்பறம் நெட்டுக்கு நீட்டிப் படுத்துக்குச்சு, ஞாயித்துக்கெழமை உங்கப்பா சோபாவுல படுக்கற மாதிரி."

"வாட் டிட் இட் ஈட்?"

"ஒரு மண்புழு. அப்பறம் ஓடில்லாத நத்தை ஒண்ணு. நத்தையத் தின்னுட்டு வாயக் கல்லுல தேச்சுத் தேச்சுத் தொடச்சுக்குச்சு. கொழகொழன்னு ஒட்டிக்குச்சாட்டம் இருக்குது."

ஒரு நாள் தவளைக் குஞ்சைக் காலோடு பிடித்ததைச் சொன்னார். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பூனை வந்ததும் அது உடம்பைத் தட்டையாக விரித்துக்கொண்டு பெரிய பாம்பு போல நடித்ததையும், பூனை நம்பிவிட்டதையும் சொன்னார். அம்மா சமையலறையில் குக்கரை வைத்தபடி, இவனுக்கு வேற பேச்சே கிடையாதா என்பாள். எனக்கு அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பகல் முழுவதும் ஓடியது.

ஜூன் மாதம், பள்ளி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு புதன்கிழமை மாமா வந்ததும் ஷூவைக் கழற்றாமல் நேரே பாத்ரூமுக்குள் போனார். நான் பின்னாலேயே போய் எட்டிப்பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தார். விரலில் அரைவட்டமாக, குண்டூசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு புள்ளியில் இன்னும் ரத்தம் கசிந்தது. மாமா என்னைப் பார்த்துவிட்டார். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு வாரமா அது சரியாத் தீனி எடுக்கல கண்ணு. பாவமேன்னு ஒரு புழுவக் கையில புடிச்சு நீட்டினேன். புழுவ உட்டுட்டு வெரலப் புடிச்சுக்குச்சு."

"பட் மாமா, இட்ஸ் கொம்பேறி மூக்கன்!"

"அட, இதுக்கு வெஷமே கெடையாது."

அப்படித்தான் சொல்லுவார்கள். டிவியில் குண்டடி பட்டவர்களும் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள், பிறகு செத்துப்போனார்கள். நான் அழப் போவதைப் பார்த்து மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இங்க பாரு. அது இன்னும் மரமேறலல்ல? அப்பறம் என்ன? அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. யாருகிட்டயும் சொல்லப்படாது. பிராமிஸ் பண்ணு."

பிராமிஸ் பண்ணினேன். அவருடைய கண்ணில் அன்றைக்கு விளையாட்டு இல்லை. ஆக, விஷயம் தெளிவாகிவிட்டது. மாமாவின் உயிர் இப்போது பாம்பு மரமேறுவதில் இருக்கிறது. அது தெரிந்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான். வெளியே சொல்லவும் கூடாது.

வியாழனும் வெள்ளியும் பள்ளியில் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை. சுவரோரம் இருந்த மேப்பிள் மரத்துக்கும் சப்பட்டைக் கல்லுக்கும் எத்தனை அடி தூரம் என்று நோட்டில் படம் போட்டேன். என் அடியில் ஆறு. பாம்புக்கு அது ஒரு தூரமா? வீட்டில் மாமாவும் சரியாக இல்லை. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. தட்டில் பாதிச் சோறு மிச்சம். அம்மா உடம்புக்கு என்னடா என்று கேட்டதற்கு, ஆபீசில் வேலை ஜாஸ்தி என்றார். எனக்குத்தானே தெரியும், விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று. சொல்ல வந்ததை நான் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா கோழி சுடுவதற்காகக் கரி அடுப்பை வெளியே எடுத்தார்.

அப்பாவுக்கு எதிலும் நிதானம் உண்டு, கரி பற்றவைப்பதில் தவிர. எண்ணெயைக் கொட்டு கொட்டென்று கொட்டித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டதும், அடுப்பு ஒரு முறை கனைத்துவிட்டுக் கரும்புகையைக் கக்கியது. புகை கூரைக்கு மேலே எழும்பிப் போனது. இந்தப் புகை போதும். பாம்பு இப்போது மரத்தில் ஏறிப் பார்த்தால் எல்லாம் முடிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சப்பட்டைக் கல்லில் அது இல்லை. தண்ணீர் தெளித்து ஈரமாகியிருந்த புல்லின் மேல், மேப்பிள் மரத்தின் வேரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா இட்லி மாவு ஊற்றி வைக்கும் பெரிய தூக்குப்போசி, கழுவிப் பின்வாசல் படியில் கவிழ்த்து வைத்திருந்தது. அதையும் அதன் மூடியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்தது அப்போதுதான். இரண்டடி நீளம் இருக்கும். கறுத்த உடம்பில் முதுகு நடுவே ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று மஞ்சள் கோடுகள். கோடுகளுக்கு நடுவே சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள். நாக்கு நல்ல சிவப்பு, நுனி மட்டும் மையில் தோய்த்தாற்போலக் கறுப்பு. நடுவயிறு பருத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினேன். வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன், காய்ந்த வெள்ளரிக்காய் போல இருந்தது. தலையைத் தட்டையாக்கி என் சட்டைக் கையை இரண்டு முறை கொத்தியது. பிறகு அதன் வால் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று என் கையெல்லாம் வழிந்தது. கெட்டுப்போன மீனையும் ஒரு வாரத்துக் காலுறையையும் சேர்த்து மூட்டை கட்டிய நாற்றம். போசிக்குள் போட்டு, மூடியை அழுத்தி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் இரண்டு நிமிடம் நீடித்திருக்கும். மசாலா தடவிய கோழியோடு வெளியே வந்த அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன நாத்தம் இது? என்ன கண்ணு பண்ற அங்க? எந்திரி."

எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அம்மா என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டார். அப்பா கராஜுக்குள் ஓடிப் பனி அள்ளும் மண்வெட்டியோடு வந்தார். கவிழ்ந்த போசியிலிருந்து பாம்பு வெளியே வந்தது. அப்பா ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க மச்சான்!" மாமா பேஸ்மென்ட் படியேறி வெறுங்காலோடு ஓடி வந்தார். "வயித்துல குட்டியோட இருக்குதுங்க அது!"

"பாம்பு முட்டைதான மாப்ளே போடும்?"

"இது குட்டி போடற ஜாதிங்க. நான்தான் தெனமும் பாக்கறேனே. முன்னெல்லாம் கல்லு மேல அரைமணி நேரம் காஞ்சா எந்திரிச்சு எரை தேடப் போயிரும். இப்ப பத்தேகாலுக்கு வந்து படுத்துச்சுன்னா மத்தியானம் வரைக்கும் அசையறதில்ல. பன்னெண்டரைக்கு மரத்து நெழல் வந்துருமுங்க. அப்பறம் அக்கட்டால வேலியோரம் போயி, ரெண்டு மணி வரைக்கும் அங்க. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாதுங்க, உட்ருங்க..."

அப்பா மண்வெட்டியை இறக்கினார். பாம்பு மறுபடியும் மரத்துப் பக்கம் திரும்பியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"டோன்ட் லெட் இட் கோ!" என்று கத்தினேன். "இட் பிட் மாமா! மரத்துல ஏறுச்சுன்னா மாமா செத்துருவாரு!"

சொல்லி முடித்த பிறகுதான் பிராமிஸ் ஞாபகம் வந்தது. அம்மா பாம்பைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படா கடிச்சுது?"

"புதங்கெழமக்கா. சின்னக் கீறல்தான்."

"புதங்கெழம எப்ப?"

மாமா விரலை மடக்கிக்கொண்டு, "மத்தியானம்" என்றார்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"லைப்ரரிக்குப் போனேன். புக்குல பாத்தேன். வெஷமில்லன்னு போட்டிருந்துச்சு."

அம்மா கையிலிருந்த கோழித் தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதில்லை.

"நான் கட்டிக் குடுக்கற சோத்த எங்கடா உக்காந்து திங்கற?"

மாமா பின்வாசல் படியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் விசேஷமாக இல்லை. மூலையில் ஒரு கைப்பிடி காய்ந்த கறிவேப்பிலையும் மோர்மிளகாய்க் காம்புகளும் கிடந்தன. அணில் எங்கள் குப்பையிலிருந்து இழுத்துவந்து போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பாம்பைக் கொல்லப் போன வேளையில் அம்மா ஏன் சோற்றைப் பற்றி விசாரிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

இதற்குள் பாம்பு மரத்தைச் சட்டை செய்யாமல் வளைந்து போய்ச் சுவர்ப் பொந்துக்குள் நுழைந்துகொண்டது. பெரியவர்கள் மூவரும் வீட்டுக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுப்பில் ஒன்றும் வைக்காமலே கரி எரிந்து சாம்பலானது. கண்ணாடி வழியாக, மாமா மேஜையில் குனிந்து உட்கார்ந்திருப்பதும், அம்மா அவர் தலையில் கை வைத்திருப்பதும், பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரிந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

அடுத்த பத்து நாளில் மாமா ஊருக்குக் கிளம்பினார். நூவர்க் ஏர்போர்ட்டில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க ஆளப் பாத்துக்கோ கண்ணு" என்றார். பிராமிஸை உடைத்ததற்காக என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் வாயைத் திறந்ததால்தான் அவரை அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். சாகப் போகிறவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் காரின் பின்சீட்டில் சத்தம் வராமல் அழுதேன்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. மறுநாளே அம்மாவின் தேங்காய் எண்ணெய் டப்பாவை எடுத்துப் போய், மேப்பிள் மரத்தின் அடிப்பகுதியில் என் கை எட்டிய உயரம்வரை சுற்றிச் சுற்றித் தடவினேன். பாம்பு ஏறினால் வழுக்கி விழ வேண்டும். முக்கால் டப்பா தீர்ந்தபோது அம்மா வந்துவிட்டாள். காரணத்தைச் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுதாள். பிறகு என் கையில் மிச்சமிருந்த எண்ணெயை வழித்து என் தலையிலேயே தேய்த்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு வாரம் அம்மா லீவு போட்டு என்னோடு வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை காலை நான் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். சமையலறைக் கடிகாரம் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும். வெயில் புல்லின் மேல் மெதுவாக நகர்ந்து வந்து, சரியாகப் பத்தேகாலுக்குச் சப்பட்டைக் கல்லின் மேல் ஏறியது. பொந்திலிருந்து முதலில் தலை, பிறகு அந்தப் பருத்த வயிறு. பன்னிரண்டரைக்கு மர நிழல். பிறகு வேலியோரம். மாமா சொன்னது நிமிடம் பிசகாமல் நடந்தது. மாமா எவ்வளவு கெட்டிக்காரர் என்று வியந்தேன். ஆகஸ்டு கடைசியில் அதே கல்லில் பென்சில் கனத்தில் ஏழெட்டுக் குட்டிகள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது மாமா, தானே பெற்றதுபோல ஒவ்வொன்றாக விசாரித்தார்.

மாமா சாகவில்லை. ஈரோட்டில் நன்றாக இருக்கிறார். விரலில் தழும்புகூட இல்லை. என் தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போகிற ஒரு மனிதருக்குப் பத்தேகால் மணிக்கு எங்கள் பின்பக்கம் நடப்பது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றப் பதினைந்து வருடமாயிற்று. அம்மாவுக்கு அது அரை நிமிடத்தில் தோன்றியிருந்தது. மே முதல் வாரமே மாமாவுக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் நிற்காது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அக்காவுக்குச் சொல்ல வாய் வராமல், தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டு, என்னை பஸ் ஏற்றிவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய நேரம் போக அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே சாப்பிட்டிருக்கிறார். ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய் லைப்ரரி வாசலில் காரில் இருந்துவிட்டு ஆறரைக்கு வந்திருக்கிறார். வேலையோடு இன்சூரன்ஸும் போய்விட்டதால்தான், பாம்பு கடித்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பிழைப்போமா மாட்டோமா என்று பார்க்கப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். கொம்பேறி மூக்கன் கதையை எனக்குச் சொன்னவருக்கும் அந்த மத்தியானம் கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

அந்த ஆறேழு வாரம் அவரிடம் தினமும் சாயங்காலம் போய் நின்று, இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவள் நான் ஒருத்திதான். பாம்பைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.